61ஆம் நாளை எழுதிக் கொடுங்கள்

சட்ட உதவி வழக்கறிஞர்களை நியமிக்கும் பொறுப்பில் உள்ள ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் குற்ற வழக்கு நடத்துகிறவர்கள் எழுதுகிறோம். போன வாரமும் ஒரு ஸ்டாட்யூட்டரி பெயில் மனு தள்ளுபடி ஆனது. ரிமாண்ட் ஆகி, அதாவது கோர்ட் காவலில் வைத்து, அறுபது நாளுக்குள் போலீஸ் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போடாவிட்டால் 61ஆம் நாள் உரிமையாகக் கேட்கக்கூடிய ஜாமீன் அது. செல்போன் திருட்டு வழக்கு, ஆள் புழல் சிறையில். தாமதம் ஒரே ஒரு நாள்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூன் 1 ரிமாண்ட் என்றால் ஜூலை 30 அறுபதாம் நாள். 31ஆம் தேதி கோர்ட் கூடியதும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். போய்விட்டால் மதியம் சார்ஜ் ஷீட் வந்தாலும் உரிமை போகாது; சென்னையிலிருந்து போன போதைப்பொருள் வழக்கில்தான் 2020இல் அந்தத் தீர்ப்பே வந்தது. ஜூன் 2 முதல் எண்ணி ஆகஸ்ட் 1 அன்று வந்து நின்றால்? 31 மாலையே சார்ஜ் ஷீட் ஏறியிருக்கும். அவ்வளவுதான், அந்த உரிமை செத்தது.

நியமன உத்தரவில் என்ன இருக்கிறது? குற்ற எண், பிரிவு, பெயர். ரிமாண்ட் தேதி இருப்பதில்லை. காவல் நீட்டிப்புக்குக் கைதி காணொலியில் அரை நிமிடம் தெரிவார்; "அடுத்த வாய்தா" என்றதும் திரை அணைந்துவிடும். பதினைந்து பதினைந்தாக நான்கு முறை போனால் அறுபது என்று அவருக்கு யார் சொல்வது? வழக்கறிஞரின் முகத்தையே அவர் பார்த்திருக்க மாட்டார்.

எனவே கேட்பது ஒன்றே: நியமன உத்தரவில் ரிமாண்ட் தேதியையும் 61ஆம் நாளின் தேதியையும் எழுதிக் கொடுங்கள். மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் என்ற பிரிவானால் 91ஆம் நாள். 20 கிலோவைத் தாண்டிய கஞ்சா என்றால் 180 நாள் கணக்கு. அதே தேதியைச் சீட்டில் எழுதி, தமிழில், சிறையில் இருப்பவர் கையிலும் கொடுங்கள்.

2022இல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகச் சட்ட உதவியில் வாதாடும் முழுநேரப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் வந்தபோது மகிழ்ந்தோம். தனி வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையும் நல்லதே. ஆனால் ஒருவர் ஒரே காலையில் மூன்று கோர்ட்டில் நின்றால் புழலுக்கு எப்போது போவார்? விழிப்புணர்வு முகாமுக்கு பேனர் அடிக்கவும் பொன்னாடை போர்த்தவும் நேரம் கிடைக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவரின் பெயரைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி உத்தரவு. இரண்டு ஜாமீன்தாரருக்கு வழியில்லாதவரின் பெயர் அப்படி எத்தனை வந்தது, எத்தனைக்கு நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டீர்கள் என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால், பேனரைவிட நாங்கள் அதையே விரும்பிப் படிப்போம்.

கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டோம், மன்னிக்கவும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். உத்தரவுப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். அடுத்த மாத நியமனங்களிலிருந்தே 61ஆம் நாளை எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னை குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்