ஃபிரீமாண்ட் பாலத்தருகே குடியேறிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சியாட்டிலில் ஃபிரீமாண்ட் தூக்குப்பாலத்துக்கு அருகே வீடு எடுத்திருப்பதாகவும், பாலத்தின் மணியும் படகுகளின் ஊதலும் பகல் வேலையைக் கெடுப்பதாகவும் எழுதியிருந்தாய். வீட்டை மாற்றுவதற்கு முன் அந்த ஓசைகள் எதற்காக எழுகின்றன என்பதை நீ அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாஷிங்டன் ஏரியையும் யூனியன் ஏரியையும் கடலோடு சேர்க்க வெட்டிய கால்வாயின் மேல், 1917 ஜூன் 15 அன்று அந்தப் பாலம் திறக்கப்பட்டது. தண்ணீருக்கு மேலே ஏறத்தாழ 30 அடி உயரத்திலேயே அது அமைந்திருப்பதால், உயர்ந்த பாய்மரத்தோடு வரும் எந்தப் படகுக்கும் எழுந்து வழிவிட்டே ஆக வேண்டும். ஒரு நாளில் சராசரியாக 35 முறை அவ்வாறு எழுகிறது. 1932இல் அருகிலேயே மிக உயரமாகக் கட்டப்பட்ட ஆரோரா பாலத்துக்கு இந்த வேலை இல்லை. எனக்கோ தாழ்ந்து நிற்கும் பழைய பாலமே பிடிக்கும்.

இனி ஓசைக்கு வருகிறேன். படகு ஒரு நீண்ட ஊதலும் ஒரு குறுகிய ஊதலும் கொடுத்தால், பாலத்தைத் திறக்கக் கேட்கிறது என்று பொருள். கோபுர அறையில் இருக்கும் இயக்குநர் அதே முறையில் திருப்பி ஊதினால் இசைவு. ஐந்து குறுகிய ஊதல்கள் என்றால் இப்போது முடியாது. பிறகு மணி ஒலிக்கும், தடுப்புக் கம்பங்கள் இறங்கும், இரும்புக் கம்பிவலைத் தளத்தின் மேல் டயர்கள் உருளும்போது இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த ரீங்காரம் அறுந்துபோகும். எடையைச் சமன்செய்யும் பாரங்களான எதிரெடைகள் தாங்கிப் பிடிப்பதால், அவ்வளவு கனமான இரு பாதிகளும் ஆரவாரமின்றி எழுவதைப் பார். அந்த ரீங்காரம் நின்றிருக்கும் சில நிமிடங்களே எனக்கு அங்கே மிகவும் பிடித்த நேரம்.

சாலையில் காத்திருப்போர் எத்தனை பேராயினும், பொதுவாக நீர்வழியே செல்வோருக்கே சட்டம் முன்னுரிமை தருகிறது. ஆயினும் வேலை நாட்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் 1,000 டன்னுக்குக் குறைந்த படகுகளுக்காகப் பாலம் திறக்க வேண்டியதில்லை. இரவு 11க்குப் பின் வருவோர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆகவே உன் தூக்கத்துக்கு அதிகக் குறை வராது. அலுவலக அழைப்புகளை அந்தக் காலை நேரத்துக்கு மாற்றிப் பார். அப்படியும் தொல்லையாக இருந்தால் எழுது, வேறு வீடு தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்