ரெசாங் லாவில் ஆளுக்கொரு கல்

எல்லைப்புறப் போர் நினைவிடங்களைக் கவனித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். லடாக்கின் ரெசாங் லா கணவாயில் சீனப் படையோடு நடந்த சண்டை பற்றி உங்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1962 நவம்பர் 18, 13-வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் விழுந்த மேட்டில் ஆளுக்கொரு பெயர்க்கல்.

அந்தக் கம்பெனியை நடத்திய மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல் கிடைத்த இடத்தில் இருந்த நினைவுச்சின்னம் இரு நாட்டுப் படையும் ரோந்து போகாத பஃபர் மண்டலத்துக்குள் போய்விட்டதால் பிரிக்கப்பட்டது என்று அந்தப் பகுதி ஊரான சுஷூலின் முன்னாள் கவுன்சிலர் 2023 டிசம்பரில் சொன்னார். அதன்பிறகு இரண்டு மனு போட்டேன். வந்தது ஒரே பதில்: சுஷூலில் நினைவிடம் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டுள்ளது. தெரியும் ஐயா. 2021-இல் அதைத் திறந்தபோது டிவியில் நானும்தான் பார்த்தேன். நான் கேட்டது அது இல்லையே.

உயிரோடு திரும்பிய சிலர் நடந்ததைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. சுமார் 120 பேரில் 110-க்கும் மேற்பட்டோர் இடத்தைவிட்டு அசையாமல் நின்று செத்தார்கள் என்றால், கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். அடிபட்ட உடம்போடு அந்தச் சந்தேகத்தையும் மூன்று மாதம் சுமந்தார்கள். 1963 பிப்ரவரியில் மந்தை ஓட்டிப்போன ஒருவர் கண்ணில் பட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பதுங்குகுழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். மருத்துவ உதவியாளரின் கையில் ஊசி அப்படியே இருந்ததாம். 'என்னை விட்டுவிட்டுப் போங்கள்' என்று சொன்ன அதே பாறையோரத்தில் மேஜர். மனிதர் சொல்லி எடுபடாததை அந்த இடம் சொன்னது. அங்கிருந்துதான் கல்லை எடுத்திருக்கிறோம்.

நம் ஊரில் நாலு பேர் ஒதுங்கும் பஸ் நிழற்குடைக்குக்கூட எம்.எல்.ஏ. பெயர் தூணுக்குத் தூண் இருக்கிறது. அதற்கு எந்த மண்டலமும் குறுக்கே வருவதில்லை. ஆடு மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கே நடுகல் வைத்த ஊர்க்காரன் நான். கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லைப் பேச்சுவார்த்தையின் சிக்கல் எனக்கும் புரிகிறது. அந்த மேட்டில் இப்போது முடியாதென்றால், அது கண்ணுக்குத் தெரிகிற நம் பக்கத்து இடத்தில் வையுங்கள். எந்தப் பிளாட்டூன் எங்கே நின்றது என்ற குறிப்போடு, ஆளுக்கொரு கல். வழி திறக்கும் நாளில் மேலே கொண்டுபோய் நட்டுவிடலாம்.

அதுவரை, கழற்றிய கல் இப்போது எங்கே இருக்கிறது என்பதையாவது ஒரு வரி எழுதித் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
வேலூர் மாவட்டம்