ரஸாவின் பிந்துவுக்கு அகராதி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் பிந்து (புள்ளி) ஓவியங்களைக் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கருவட்டம் பரம்பொருள், மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி, ஐந்து நிறங்கள் ஐம்பூதங்கள் என்று அது கூறும் பொருளில் பிழையில்லை. ஆனால், அகராதியைப் புரட்டுவதுபோல வடிவத்துக்கு ஒரு சொல் வீதம் எழுதி முடித்துவிட்டால், ஓவியத்தின் முன் நிற்க வேண்டிய தேவையே இல்லாமற் போய்விடுகிறது.

ரஸாவிடம் புள்ளி முதலில் தத்துவமாக வரவில்லை. மனம் ஓரிடத்தில் நில்லாத சிறுவனாயிருந்த அவரை, மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளியொன்றின் ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே உற்றுநோக்கச் செய்தாராம். இதை ரஸாவே கூறியிருக்கிறார். 1950இல் பிரான்ஸ் சென்று, நெடுங்காலம் நிலக்காட்சிகளை வரைந்த பிறகு, 1970களின் இறுதியில்தான் அந்தப் புள்ளி அவருடைய ஓவியத்தின் நடுவில் வந்து அமர்ந்தது. ஆகவே, அது முதலில் பார்வை தங்குவதற்கான இடம். குறியீடு என்பது அதன் பின்னரே. கருவட்டத்தைச் சற்று நேரம் பார்த்திருந்தால், சுற்றியுள்ள வளையங்கள் விரிவதாகவும் ஒடுங்குவதாகவும் மாறி மாறித் தோன்றும். தோற்றமும் ஒடுக்கமும் என்று நூல்கள் சொல்வதை அப்போது கண்ணே உணர்ந்துகொள்கிறது.

தேவி வழிபாட்டுக்குரிய கோட்டு வடிவமான ஸ்ரீசக்கரத்தோடு கட்டுரை அவற்றை அப்படியே இணைவைத்ததும் எனக்கு உடன்பாடில்லை. மேல்நோக்கிய 4, கீழ்நோக்கிய 5 ஆகிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்கள் அமைய வேண்டும் என்பது அதன் இலக்கணம்; கோடு பிசகினால் வழிபாட்டுக்கு ஆகாது. ரஸாவோ முக்கோணங்களைத் தம் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் அடுக்குகிறார்.

பிந்து வடநாட்டுக் கருத்து என்ற தொனியும் சரியன்று. உலகத் தோற்றத்துக்கு மூலமான தூய பொருளாகிய சுத்த மாயையைச் சைவ சித்தாந்தம், பிந்து என்பதன் தமிழ் வடிவமான ‘விந்து’ என்றே அழைக்கிறது. பேச்சு வழக்கில் அச்சொல்லின் பொருள் குறுகிவிட்டதால் நாம்தான் எழுதக் கூசுகிறோம். உருவமில்லாமல் இறைமையைச் சுட்டுவதும் நமக்குப் புதிதன்று: தில்லையில் (சிதம்பரம் கோயிலில்) திரையை விலக்கினால் தெரிவது வெளியும், அதில் தொங்கும் பொன் வில்வ மாலையுமே.

ஒரு வேண்டுகோள். ஐந்து நிறங்களைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசிய கட்டுரைக்கு, தபால்தலை அளவில் கருப்பு வெள்ளைப் படத்தை அச்சிட்டிருந்தீர்கள். அதே ஓவியத்தை, வரைந்த ஆண்டுடன், வண்ணத்தில் அரைப்பக்க அளவிலேனும் மறுபடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்