இரண்டாவது தரமும் திரும்பிப் பார்

அன்பு மகன்,

இதை அக்காவுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லாதே. ஆறுதலாக என்றாலும் நீயே வாசி. போனில் தொடங்கினால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுகிறாய்.

மாமி வீட்டு அலுவல் ஒருமாதிரி முடிந்தது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். கார் விஷயம் நீ சொன்னபடி செய்தாயிற்று. வேறு புதினம் இல்லை.

சனிக்கிழமை உன் ஐஸ் ஹொக்கி ஆட்டம் பார்த்தேன். இரண்டாம் பீரியட் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது உங்கள் இடது மூலைக்குள் பக்கை, அந்த ரப்பர் வட்டை, அடித்துவிட்டார்கள். ப்ளூ லைனில் திரும்பும்போது வலது தோளுக்கு மேலே ஒருக்கால் பார்த்தாய், அது சரி. அதற்குப் பிறகு பக்கைத் தொடும்வரை பார்க்கவே இல்லை. அந்த இடைவெளியில், பக்கைப் பறிக்க உன்னைத் துரத்தி வருகிற ஃபோர்செக்கர் உள் பக்கத்திலிருந்து வெளிப் பக்கம் மாறிவிட்டான். உன் கணக்கில் அவன் இன்னும் பழைய இடத்தில்தான் நின்றான். முதல் பார்வை எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறிய. இரண்டாவது, வலைக்குக் கிட்ட உள்ள ஹாஷ் மார்க் கோடுகளைத் தாண்டும்போது, எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று அறிய. முதலாவதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு செக்கன் பழைய தகவலை நம்பிக்கொண்டு போகிறாய். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யாமல் விடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்கைத் தொட்ட இடமும் பிழை. பனித்திடலைச் சுற்றியிருக்கிற சுவர், போர்ட்ஸிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி நின்றாய். எல்லாவற்றிலும் கெட்ட இடம் அதுதான். தோளும் இடுப்பும் ஏற்கெனவே போர்ட்ஸோடு ஒட்டியிருந்தால் இடிக்கிறவன் உன்னை நசுக்கத்தான் முடியும், நோவு உடம்பு முழுக்கப் பரவிப் போகும். தள்ளி நின்றால் உடம்பு அந்த நான்கு அடியையும் பறந்து போகிறது, முதலில் போய் மோதுவது தலை. ஒன்றில் முழுதாக ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் முழுதாக விலகி நில். நேராகப் போகாமல் சரிந்து போ, ஸ்கேட் இரண்டும் போர்ட்ஸ் போகிற திசையையே பார்க்கட்டும். இடி வருகிறது என்று தெரிந்தால் முழங்கையை உயர்த்திக் கண்ணாடியில் கொடு, நாடியை நெஞ்சில் புதைக்காதே. தலையைக் குனிந்தால்தான் கழுத்து முறியும்.

அவன் இடிக்க வந்த கடைசி நொடியில் முதுகைக் காட்டினாய். ஆளைப் போர்ட்ஸில் மோத இடிப்பதைத் தடுக்கிற போர்டிங் விதியில் பொறுப்பு இடிக்கிறவனுடையது என்றுதான் இருக்கிறது. ஆனால் இடி வாங்குகிறவன் அந்த நேரம் பார்த்துத் திரும்பினால் நடுவர் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. நடுவர் கை தூக்கவில்லை என்று கோபித்துப் பிரயோசனம் இல்லை. தூக்கியிருந்தாலும் அவனுக்கு இரண்டு நிமிடம், உனக்கு?

அவர்கள் தங்கள் பாதியிலிருந்தே பக்கைக் கடைசிவரை அடித்துவிட்டு அதற்காக ஓடுகிற ஐசிங் ஓட்டம் என்றால் விதி உன்னைக் காக்கும். 2008-இல், மேல் லீக்கான என்.எச்.எல்.-இல், கேர்ட்டிஸ் ஃபொஸ்டரின் தொடை எலும்பு முறிந்தது அப்படி ஒரு ஓட்டத்தில். 2013-இல்தான் என்.எச்.எல்., பனியில் குறித்திருக்கிற புள்ளிக்கு யார் முதலில் வருகிறார் என்று பார்க்கிற முறைக்கு மாறியது. ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி வந்து உள்ளே அடித்தால் ஐசிங்கும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முந்தி என்றால் உன் துணைக்காரன் ஃபோர்செக்கரைக் கொஞ்சம் மறித்துப் பிடித்து வைப்பான். 2005-க்குப் பிறகு அதையும் இன்டர்ஃபியரன்ஸ் என்று இறுக்கமாகக் கூப்பிடுகிறார்கள், அவன் முழு வேகத்தில் வருகிறான். மிச்சம் இருப்பது உன் கண்ணும் கோலியின் குரலும்தான். சனிக்கிழமை கோலி "ரிவர்ஸ்", பக்கை வந்த பக்கமே திருப்பி விடு, என்று கத்தினது எனக்கே கேட்டது. நீ வீல் பண்ணி வலைக்குப் பின்னால் போகப் பார்த்தாய். இரண்டாவது தரம் பார்த்திருந்தால் அவன் ஏன் கத்தினான் என்று தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நன்றாக விளையாடினாய், அதையும் சொல்ல வேண்டும். உங்கள் மூன்று பேருக்கு அவர்கள் ஐந்து பேர் நின்ற அந்த ஒன்றரை நிமிடத்தில் ஸ்டிக்கைப் பாஸ் போகிற பாதையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய், ஒரு தரமும் ஆளைத் துரத்தவில்லை. வர்ணனையாளன் உன் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரித்தான். பின்னுக்குப் போகும்போதும் எதிராளிக்கும் உனக்கும் இடையில் ஒன்றரை ஸ்டிக் நீளம் வைத்திருந்தாய், ப்ளூ லைனிலேயே அவன் பக்கைக் கொடுக்க வேண்டி வந்தது. உன் வயதில் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

சனிக்கிழமை அந்த இடிக்குப் பிறகு பெஞ்சில் நீ தண்ணீர்ப் போத்தலை மூடப் பார்த்தாய். மூடி சரியாக இருக்கவில்லை, திரும்பப் பார்த்தாய், திரும்பவும். பக்கத்தில் இருந்தவன் வாங்கி மூடித் தந்தான். கமெரா உன்னில் நின்றபடியால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் உன்னை இறக்கினார்கள். மூலைக்கு வந்த பக் எல்லாவற்றுக்கும் நீ துணைக்காரனைத்தான் அனுப்பினாய், உன் பக்கத்துக்கு வந்ததற்கும். அக்காவிடம் கழுத்துப் பிடிப்பு என்று சொன்னாயாம். கழுத்துப் பிடிப்பாக இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். மூளை அதிர்ச்சி உடனே தெரிய வேண்டும் என்று இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளிக்கிடும். வெளிச்சம் கூசுவது, பஸ்ஸில் தலை பாரமாக இருப்பது, சொன்னதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடினால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நீ சொல்வாய். அதனால்தான் அதற்குள் இது ஒளிந்துகொள்கிறது. முதலாவது ஆறமுன்னர் இரண்டாவது இடி விழுவதுதான் உயிருக்கே ஆபத்து. சீசன் தொடங்கமுன்னர் மூளைக்கு எடுத்த கணினிச் சோதனை இப்போதைய நிலையோடு ஒப்பிடத்தான் இருக்கிறது. அதை வேண்டுமென்றே மந்தமாகச் செய்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பிறகு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாமல் இருக்க. நீ அப்படிச் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

இருட்டறையில் கிடக்கச் சொல்கிற காலம் போய்விட்டது. முதல் இரண்டு நாள் போனையும் திரையையும் குறைத்து, மெல்ல நடப்பது. பிறகு சைக்கிள். பிறகு தனியாக ஸ்கேட். பிறகு இடி இல்லாத பயிற்சி, வேறு நிற ஜெர்சியோடு. பிறகு டொக்டர் எழுதித் தந்தால் முழுப் பயிற்சி. பிறகு ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தலையிடி கூடினால் ஒரு படி கீழே. எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு கிழமைக்குச் சற்றுக் கூட. ஒரு கிழமைக்கு எவனும் உன் இடத்தைக் கொண்டு போகமாட்டான்.

அதுதான் உன் பயம் என்று எனக்குத் தெரியும். ஆறு டிஃபென்ஸ் இறங்குகிறார்கள், ஏழாவது ஆள் சூட் போட்டுக்கொண்டு மேலே இருந்து பார்க்கிறான். சரி. ஆனால் இருபது வயதில் நீ போட்ட ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு, இது இரண்டாவது. விளையாட்டில் பட்ட காயத்துக்குச் சம்பளத்தை நிறுத்த முடியாது, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மேலே என்.எச்.எல்.-க்குக் கூப்பிட்டுக் கீழே அனுப்பினாலும், வேறு அணிகள் உன்னை எடுத்துக்கொள்ளக்கூடிய வேவர்ஸில் போட வேண்டியதில்லை, அந்தச் சலுகை உனக்கு இன்னும் இருக்கிறது. நீ ஆடுகிற கீழ் லீக்கான ஏ.எச்.எல்.-இல், கோலிகள் தவிர இறங்குகிற பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் வளரும் ஆட்டக்காரராக இருக்க வேண்டும், அதிலும் பன்னிரண்டு பேர் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. உன்னைப் போன்ற ஆட்கள் அவர்களுக்குத் தேவை. காயத்தைச் சொல்லி ஒரு கிழமை இருந்தவனை விட, சொல்லாமல் ஆடி மூலைக்குப் போகப் பயப்படுகிறவனைத்தான் பயிற்சியாளர் குறித்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அவரும் பார்த்திருப்பார்.

டிஃபென்ஸ் ஆள் பிந்தித்தான் பழுப்பான். மார்க் ஜியோர்டானோ நம்முடைய ரொறன்ரோப் பெடியன், அணிகள் புது ஆட்களைத் தெரிவுசெய்கிற ட்ராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை, 2007-இல் மொஸ்கோவுக்குப் போய் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்தார், சிறந்த டிஃபென்ஸுக்கான நோரிஸ் கிண்ணம் எடுத்தது 2019-இல், முப்பத்தைந்து வயதில். ஸ்டீவ் மொன்டடோரும் ட்ராஃப்ட் ஆகாத டிஃபென்ஸ்தான். அவரும் முப்பத்தைந்து வயது வரைதான் இருந்தார். 2015-இல் போனார், மூளையைச் சோதித்தபோது சி.டி.ஈ., தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வருகிற மூளை நோய், இருந்தது. இந்தப் பெயரைப் போனில் சொன்னால் நீ வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

கழுத்துக் காப்பைத் தளர்த்திப் போடாதே. லீக் கட்டாயம் என்று சொன்னதற்காகத் தொங்கவிடுகிற சாமான் இல்லை அது.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஆட்டம் இல்லை. பனியில் இறங்கமுன்னர் ட்ரெய்னரிடம் போய், சனிக்கிழமை இரண்டாம் பீரியட் என்று மட்டும் சொல். மிச்சத்தை அவர் கேட்பார். திரும்பிப் பார், இரண்டாவது தரமும் பார் என்று நான் இங்கிருந்து கத்துவது உனக்குக் கேட்காது.

முடிந்ததும் எனக்கு எடு. அவர் சொன்னதை அப்படியே சொல், மேலதிகமாக ஒன்றும் கேட்கமாட்டேன். எடுக்காவிட்டால் புதன்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு வருவேன், விண்டர் டயர் போட்டாயிற்று. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அம்மா