பர்மிங்ஹாமிலிருந்து பெரியப்பாவுக்கு

பர்மிங்ஹாம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெரியம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தடவுவதோடு நிறுத்திவிடாமல், ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நர்ஸ் வேலை பார்க்கிற மகள் சொன்னால் கேட்காதவர், நீங்கள் சொன்னால் கேட்பார்.

போன வாரம் போனில் பேசியபோது, நான் போய்வந்தது கச்சேரியா நாடகமா என்று கேட்டீர்கள். இரண்டும்தான் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியிருக்காது. மேடையோடு வாழ்ந்த உங்களுக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பதால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்கப் போனவர் மைக்கேல் பால். 1962-இல் பிறந்தவர். நம் கணக்கில் சொன்னால், பாடி நடிக்கிற ராஜபார்ட். லண்டனில் வெஸ்ட் எண்ட் என்ற வட்டாரத்தில் நாடக அரங்குகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு இசை நாடகம் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால், வாரத்துக்கு எட்டுக் காட்சி என்று வருடக்கணக்கில் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். நம் ரகுமான் இசையமைத்த பம்பாய் ட்ரீம்ஸ் 2002-இல் மேடையேறியதும் அங்கேதான். ஆனால் வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் கோழி கூவும் வரை இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சுதந்திரம் இங்குள்ள நடிகர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு இரவும் அதே பாட்டை அதே சுருதியில், அதே இடத்தில் நின்று பாட வேண்டும். ஒன்ஸ்மோர் கேட்கும் வழக்கமும் இல்லை. கச்சேரி என்றால் அவர் வேஷம் இல்லாமல் வந்து, தன் போக்கில் பேசி, பழைய நாடகப் பாட்டுகளை எடுத்துப் பாடுவார் என்பதனால், நாடகத்துக்கு டிக்கெட் வாங்குவதைவிட இதற்கு வாங்குவதே எனக்கு மேலாகப் பட்டது.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாடகத்தின் கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும். விக்தர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கி, 1950-இல் நாகையா நடித்து ‘ஏழை படும் பாடு’ என்று படமாக வந்ததே, அதே கதைதான். 1985-இல் லண்டனில் அதை இசை நாடகமாகப் போட்டபோது பத்திரிகை விமர்சகர்கள் பலரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள்; ஜனங்களோ டிக்கெட் கவுண்டரை மொய்த்தார்கள். அதில் மாரியஸ் என்ற இளைஞன் வேடத்தில் நடித்தபோது இவருக்கு வயது 23. 2019-இல் அதே கதையைக் கச்சேரி வடிவத்தில் மேடையேற்றினார்கள். அப்போது இவருக்கு இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடம். நம் சீதாராமன் எந்த வேடத்தில் நடித்து ஜாவர் சீதாராமன் ஆனாரோ, அந்த வேடம்தான். இங்கே வார்டில் இதைச் சொன்னால் ரசிக்க ஆளில்லை, பெரியப்பா. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு இவரைத் தெரிய வந்தது நாடகத்தின் மூலம் அல்ல. 2020 ஏப்ரலில், நாங்களெல்லாம் முகக்கவசமும் பிளாஸ்டிக் அங்கியுமாக மூச்சுவிட நேரமின்றி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், டாம் மூர் என்ற பழைய ராணுவக் கேப்டன், நூறு வயது நிறைவதற்கு முன் தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, இங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக 3 கோடி பவுண்டுக்கு மேல் நன்கொடை திரட்டினார். அவரோடும், மருத்துவ ஊழியர்களின் பாடல் குழு ஒன்றோடும் சேர்ந்து மைக்கேல் பால் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்ற பாட்டைப் பாடி வெளியிட்டார். அதுவும் 1945-இல் வந்த ஒரு அமெரிக்க இசை நாடகத்தின் பாட்டுதான். பிற்பாடு கால்பந்து மைதானங்களில் கூட்டமாகப் பாடும் பாட்டாகிவிட்டது. அந்த மாதமே விற்பனையில் அது முதலிடம் பிடித்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து, அங்கியைக் கழற்றிப் போடும் அறையில், யாரோ ஒருவருடைய செல்போனில் அதைக் கேட்டேன். அன்றைக்கு அது எங்களுக்காகப் பாடிய பாட்டாகவே பட்டது. யார் இந்த ஆள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கச்சேரி நடந்த இடம் ஊருக்கு நடுவில் இருக்கும் சிம்ஃபனி ஹால். 1991-இல் திறந்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். பக்கத்திலேயே பூமிக்கடியில் ரயில் சுரங்கம் போவதால், அதிர்வு உள்ளே வராதபடி கட்டடத்தையே ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அரங்கைச் சுற்றி எதிரொலிக்கென்றே வெற்று அறைகள் கட்டி, அவற்றுக்குக் கான்கிரீட் கதவுகள் வைத்து, நிகழ்ச்சிக்குத் தக்கபடி திறந்து மூடி நாதத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பா பாடினால் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்கும் என்று நீங்கள் உங்கள் வாத்தியார் சொல்லக் கேட்டதாகச் சொல்வீர்களே, அப்படிப்பட்ட குரலுக்காகவே கட்டின அரங்கம் இது. அதில் போய் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான் என் ஒரே குறை. முதல் இரண்டு மூன்று பாட்டுகளில் டிரம்ஸ் சத்தம் குரலை அமுக்கிவிட்டது. பிறகு மிக்ஸிங் பார்க்கிறவர் சரிசெய்துவிட்டார் போலும்.

கூட வேலை பார்க்கும் கோட்டயத்துப் பெண் ஒருத்தியை வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். டிக்கெட் விலை என் ஒரு நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். கூட்டத்தில் பெரும்பாலும் அறுபது, எழுபது வயது அம்மாமார்கள். 1985-லேயே அவரை மேடையில் பார்த்தவர்கள் சிலர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். இடைவேளையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அதைத் தின்னும் கரண்டி மூடிக்குள்ளேயே இருக்கும். நாடகம் பார்க்கப் போனால் அது சாப்பிட்டாக வேண்டும் என்பது இவர்கள் சம்பிரதாயம். எனக்கு ஒரு தட்டுவடை செட் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

பாட்டு தொடங்கியதும் அந்த இரண்டாயிரம் பேரில் ஒருவர்கூட இருமவில்லை. மாரியஸின் நண்பர்கள் எல்லோரும் தெருச் சண்டையில் மாண்டுபோக, அவர்கள் கூடிப் பேசிய இடத்துக்கு அவன் மட்டும் திரும்பி வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதை அவர் பெரிதாகக் கத்திப் பாடவில்லை. பாதி பேச்சாகவே சொல்லி, ஒரே ஒரு இடத்தில்தான் குரலை மேலே ஏற்றினார். இருபத்து மூன்று வயதில் பாடிய பாட்டை அறுபது தாண்டிப் பாடும்போது, இறந்த நண்பர்களின் கணக்கு நிஜமாகவே கூடியிருக்கும் அல்லவா? என் பக்கத்தில் இருந்த கோட்டயத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2020-இல் அவளும் நானும் ஒரே வார்டில் இருந்தவர்கள்.

அடுத்து அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட ‘லவ் சேஞ்சஸ் எவ்ரிதிங்’. 1989-இல் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் இசை நாடகம் ஒன்றில் கதாநாயகனாக அவர் பாடியது. விற்பனையில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. அந்த நாடகத்தின் கதையைப் பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்: ஒரு நடிகையை மருமகனும் விரும்புகிறான், அவனுடைய மாமனும் விரும்புகிறான், அதற்கு மேல் நான் எழுதவில்லை. விஷயம் என்னவென்றால், 2023-இல் அதே நாடகத்தை மறுபடி லண்டனில் போட்டபோது, அன்று மருமகனாக வந்தவர் இந்தத் தடவை மாமனாக வந்தார். அந்தப் பாட்டையும் மாமனுக்கே மாற்றிக் கொடுத்தார்கள். நவம்பர் வரை என்று அறிவித்த நாடகம் ஆகஸ்டிலேயே நின்றுபோனது. இவரை நம்பிப் போட்டும் ஓடவில்லை. ஆனால் பாட்டு போகவில்லை. அன்று அவர் எடுத்த எடுப்பில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். 2023-இல் அவர் எழுதி வெளியிட்ட சுயசரிதை. உங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து கிடக்கும் தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ போலவே, ஒரு நடிகன் தன் தொழிலைத் தானே சொல்வது. இருவருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. அவர் அவ்வையார் வேஷம் கட்டி அவ்வை சண்முகம் ஆனார். இவர் 2007-இல் ‘ஹேர்ஸ்ப்ரே’ என்ற இசை நாடகத்தில் பருத்த உடம்புக்கார அம்மாவாக ஸ்திரீபார்ட் போட்டு, இந்த நாட்டு நாடகத் துறையின் பெரிய விருதான ஒலிவியர் விருதை வாங்கினார்.

அந்தப் புத்தகத்தில் நான் இரண்டு முறை படித்த பகுதி வேறு. 1985 நாடகம் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்திருக்கிறது. உடம்பு தேறித் திரும்பி வந்தபோது மேடை என்றாலே பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், பாட்டின் நடுவே எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. கடைசியில் அந்த நாடகத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஓடி ஒளிந்த கதையை இவ்வளவு வெளிப்படையாக எழுத எந்த நடிகருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை. இந்தப் படபடப்பை நான் நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன். அதற்குப் பெயரும் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

கையெழுத்து வாங்கும் ஏற்பாடு கச்சேரி முடிந்த பிறகு வெளிக்கூடத்தில் இருந்தது. தள்ளுமுள்ளு இல்லை, படிக்கட்டு வரை வளைந்து வளைந்து வரிசை. புத்தகக் கடைக்காரப் பெண் ஒருத்தி வரிசையில் நடந்து வந்து, யார் பெயருக்குக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு, மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, தலைப்புப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனாள். பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினால் நேரம் போய்விடும், தப்பும் வரும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நான் உங்கள் பெயரைச் சொன்னேன். மூன்று தடவை சொல்லியும் அவளுக்குப் பிடிபடாததால், பேனாவை வாங்கி நானே எழுதி ஒட்டினேன்.

என் முறை வந்தபோது அவர் மேசைக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் பாடிய ஆள் என்பது கண்ணுக்குக் கீழே தெரிந்தது. ஆனாலும் சீட்டைப் பார்த்து நிதானமாக எழுதினார். நான் நர்ஸ் என்றும், 2020-இல் அந்தப் பாட்டை ஆஸ்பத்திரியில் கேட்டேன் என்றும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னார். அவ்வளவுதான், பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து வந்துவிட்டார்கள்.

ஆக, அந்தப் புத்தகம் உங்களுடையது. ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருந்தால் தம்பியை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்; அவனுக்கும் செல்போனை விட்டு வேறொன்றைப் பார்த்த மாதிரி இருக்கும். அவன்தான் இன்னொரு விஷயமும் சொன்னான்: கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் ஆர்மோனியத்தைப் பரணில் ஏற்றிவிட்டீர்களாம், திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வாசிக்கக் கேட்டு வந்தவர்களையும், இனிமேல் விரல் ஓடாது என்று திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். இது விரல் சம்பந்தப்பட்டதா, கூட்டத்துக்கு முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம் சம்பந்தப்பட்டதா என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது என்றால், நான் அடையாளம் வைத்திருக்கும் பக்கங்களை முதலில் படியுங்கள். ராஜபார்ட்டுக்கு வாசிக்க மனமில்லை என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவாவது உட்காரலாமே.

மழைக்காலம் தொடங்குமுன் ஆர்மோனியத்தைக் கீழே இறக்கித் துருத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் வெடித்திருந்தால் பழுது பார்ப்பதற்கு ஆகும் பணத்தை, இந்த மாதம் அனுப்புவதோடு சேர்த்துத் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். புத்தகத்தை டிசம்பரில் ஊருக்கு வரும் ஓமலூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது பெரியம்மா கையால் செய்த பருப்புப் பொடி கொஞ்சம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்.