சேகருக்கு: பிரைமர் இல்லாமல் வெளிச்சுவரில் கை வைக்க விடாதே

அன்புள்ள சேகர்,

பூச்சு வேலை முடிந்துவிட்டது, தை கடைசியில் புதுமனை புகுவிழா என்று லதா போனில் சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நம்ம செட்டில் கடைசியாக வீடு கட்டப்போகிறவன் நீதான் என்று பீட்டர் பந்தயம் கட்டினானே, அந்த இடம் இப்போது அவனுக்கே போய்விட்டது, மறக்காமல் அவனிடம் சொல்லு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரில் விளம்பரம்கூட விடாமல் படிக்கிறாள். சின்னவள் அதே சண்டைக்காரிதான்.

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் வேறு. லதா பேச்சோடு பேச்சாக, "வெளிச்சுவருக்கு பிரைமர் வேண்டாமாம், வெள்ளை சிமெண்ட் ஒரு கோட் அடித்துவிட்டு நேரே எமல்ஷன் பெயிண்ட் போட்டுவிடலாம்னு பெயிண்டர் சொல்றார், இந்த வாரமே ஆரம்பிக்கிறாங்க" என்றாள். அதிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் நீ எல்லோருக்கும் தலையாட்டுகிற மாதிரி எனக்கும் "சரி சரி" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

வேதாரண்யத்தில் அக்கா வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். போன பங்குனியில் அடித்த பெயிண்ட், ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. மேற்குச் சுவரில் அப்பளம் மாதிரி கொப்புளம், விரலால் அழுத்தினால் உடைந்து செதில் செதிலாக வருகிறது. உரிந்த துண்டின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. ஆசையாகத் தேர்ந்தெடுத்த பச்சை நிறம் உரியாத இடங்களிலும் திட்டுத்திட்டாக வெளிறிப்போயிருக்கிறது. அக்கா வாசலில் நின்றுகொண்டு ஒன்றுமே பேசவில்லை, நகையை வைத்து முடித்த வேலை அது. அங்கேயும் இதே கதைதான்: பூச்சு காய்வதற்குள் சாரத்தைப் பிரிக்கும் அவசரம், பிரைமர் வீண் செலவு என்று ஒரு பேச்சு.

அதில் என்ன வீண்? புதுப் பூச்சு சுவரில் காரம் அவ்வளவு கடுமை, பிஎச் 12, 13 வரை இருக்கும். உள்ளே இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்து வெளியே வரும், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் வெள்ளையாக உப்பு பூக்கும். நிறமிகளில் பலவற்றை அந்தக் காரம் வெளுக்க வைத்துவிடும். அதற்கும் நிறத்துக்கும் நடுவில் நிற்பதுதான் காரத்தைத் தாங்குகிற அக்ரிலிக் பிரைமர். சுவரின் துளைகளுக்குள் இறங்கி மேல்மண்ணைக் கட்டிப் பிடிக்கும், பெயிண்டுக்குப் பிடிமானம் கொடுக்கும். வெறும் சுவர் முதல் கோட் எமல்ஷனை அப்படியே குடித்துவிடும்டா, பிரைமரைவிட விலை கூடின பொருள் அது, அப்புறம் மிச்சம் பிடித்தது எங்கே?

வெள்ளை சிமெண்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதுவும் சிமெண்ட்தான், அதிலும் காரம் உண்டு, அடித்த பிறகு தண்ணீர் தெளித்து இறுக விட வேண்டும். வெயிலில் அடித்துவிட்டுத் தண்ணீர் காட்டாமல் போனால் மாவாகத்தான் நிற்கும். கையால் தேய்த்துப் பார், உள்ளங்கை வெளுத்தால் அதன்மேல் எந்தக் கம்பெனி பெயிண்டும் நிற்காது. மரக்கதவுக்கு வாங்கிய ஆயில் பிரைமர் மிச்சமிருக்கிறது என்று அதையும் சுவரில் அடிக்க விடாதே, சுவரின் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைத்துவிடும்.

உன் பூச்சு கார்த்திகை கடைசியில்தான் முடிந்தது என்று லதா சொன்னாள். குறைந்தது 28 நாள் போகட்டும், அதுவும் மழை இல்லாத நாட்களாக இருந்தால்தான் கணக்கு. பிறகு ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் விடு, அடுத்த நாள் எடுத்துப் பார். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. வடக்குச் சுவரில் கட்டாயம் பார், அங்கே வெயில் குறைவு. பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தாலே போதும், விழாவுக்குள் முடித்துவிடலாம். முடியாவிட்டால்தான் என்ன, வெளிப்பூச்சு சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும், வருகிறவர்கள் பாயசத்தைத்தான் பார்ப்பார்கள். காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகே பிரஷ் எடுக்கச் சொல்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைத் துடைத்த பிறகு பிரைமர். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொம்புகூடச் சேரக்கூடாது. கலக்கும்போது நீயோ லதாவோ பக்கத்தில் நில்லுங்கள். பட்டி பார்ப்பதாக இருந்தால் வெளிச்சுவருக்கு வெள்ளை சிமெண்ட் பட்டிதான், உள்ளே போடும் அக்ரிலிக் பட்டி மழைக்கு ஊறிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிரைமர் அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. கைப்பிடிச் சுவரின் மேல்பக்கம் விரிசல் இருந்தாலும், சன்ஷேடு மேல் தண்ணீர் தேங்கினாலும் பின்னாலிருந்து ஈரம் தள்ளும், அப்போது எந்த பிரைமரும் நிற்காது. அக்கா வீட்டில் அதையும் பார்த்தேன். கொத்தனார் கணக்கு முடிப்பதற்குள் மாடியில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிடு. ஜன்னல் கிரில்லுக்குத் துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு பிரைமர், அது உனக்கே தெரியும்.

பெயிண்டரிடம் கோபப்படாதே, நல்ல கைக்காரர் என்று லதா சொல்கிறாள். பிரைமருக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிடு, பாதி எதிர்ப்பு அங்கேயே போய்விடும். பணம் இறுக்கமாக இருந்தால் என்னிடம் வாய் திறந்து சொல்லு, நான் தருகிறேன், நமக்குள் என்ன. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய். டப்பா வாங்குவதற்கு முன் அதன் படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
மூர்த்தி