முருகேசனுக்கு, ரேஞ்சர் படை பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் வந்து கிடந்தது, பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. மூட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம், நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சுமதிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி குறைந்திருக்கிறது. மகள் வேலை கிடைத்து மான்செஸ்டர் போய்விட்டாள், அவள் போனதிலிருந்து எங்களுக்கு அரிசி அளவு பிடிபடவில்லை, தினமும் சாதம் மிஞ்சுகிறது.

சரி, நீ கேட்ட விஷயம். நம் ஆர்மியில் புதிதாக வந்த பைரவ் பட்டாலியனும் இங்கே பிரிட்டிஷ் ராணுவத்தில் இருக்கிற ரேஞ்சரும் ஒன்றா என்று கேட்டிருந்தாய். தலைக்கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2025 ஜூலை 26 அன்று திராஸில் ஜெனரல் உபேந்திர துவிவேதி அறிவித்தாரே, அந்த பைரவிலும் பட்டாலியனுக்குச் சுமார் 250 பேர், ரேஞ்சரிலும் சுமார் 250 பேர். வேலைதான் வேறு. பைரவ் எல்லையில் சட்டென்று பாய்ந்து அடிப்பதற்கு. ரேஞ்சர் வேறொரு நாட்டுப் படையோடு போய்த் தங்கி, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, யோசனை சொல்லி, அவர்கள் சண்டைக்குக் கிளம்பினால் தேவைப்படும்போது கூடவே போவதற்கு. பயிற்சி கொடுப்பது பிரிட்டிஷ்காரனுக்குப் பழைய தொழில், உனக்கே தெரியும். கூடவே போவதுதான் இதில் கனமான சமாச்சாரம்.

நான் இருப்பது ஃபார்ன்பரோ, பக்கத்து ஊர்தான் ஆல்டர்ஷாட், ரேஞ்சர் அடங்கிய பிரிகேடின் தலைமையகம் அங்கேதான். ராணுவ ஊர் அது. ரிட்டயர் ஆன கூர்க்காக்கள் சாயங்காலம் மனைவியோடு கடைத்தெருவில் நடப்பதைப் பார்த்தால் டார்ஜிலிங் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். போன மாதம் சூப்பர்மார்க்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தர் நின்றார், துப்பாக்கி இரும்பின் சாம்பல் நிறத்தில் தொப்பி, அதில் வல்லூறு சின்னம். ரேஞ்சர் என்று அதிலேயே தெரிந்தது. நான் கவனித்தது அவர் வயதை. முப்பத்தைந்துக்குக் குறையாது, காதோரம் நரை, கூடையில் குழந்தைக்கு டயாப்பர். இந்தப் படை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அவரே போதும்.

சாதாரணப் பட்டாலியன் எப்படி என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே சிப்பாய்கள் நிறைய, மேலே போகப் போக ஆள் குறைவு. இங்கே சிப்பாய் குறைவு, கேப்டன், சார்ஜென்ட் மாதிரி அனுபவப்பட்டவர்கள் அதிகம். அடுத்த நாட்டுக் கர்னலிடம் உட்கார்ந்து பேச இருபது வயசுப் பையனை அனுப்ப முடியாதில்லையா. ராணுவத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் மனுப் போடலாம், தேர்வில் தேறினால்தான் உள்ளே.

இதற்கு முன்மாதிரி அமெரிக்காக்காரனின் கிரீன் பெரே என்கிற சிறப்புப் படை. 1952 ஜூனில் ஃபோர்ட் பிராக்கில் ஆரம்பித்தது. அவர்கள் குழுவில் 12 பேர். ஒரு கேப்டன், ஒரு வாரன்ட் ஆபீசர், குழுவை நடத்துகிற மூத்த சார்ஜென்ட் ஒருத்தர், உளவுக்கு ஒருத்தர், அப்புறம் ஆயுதம், வெடி மற்றும் கட்டுமானம், மருத்துவம், வயர்லெஸ் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு பேர். ஏன் இரண்டிரண்டு என்றால், தேவைப்பட்டால் குழுவைச் சரிபாதியாகப் பிரித்து ஆறு ஆறு பேராக இரண்டு கிராமத்துக்கு அனுப்பலாம், இரண்டு பக்கமும் ஒரு டாக்டர் வேலை தெரிந்தவனும் ஒரு ரேடியோக்காரனும் இருப்பான். காகிதத்தில் இதைவிட அழகான அமைப்பை நான் பார்த்ததில்லை.

இது வந்த கதைதான் சுவாரசியம். 2017-லேயே ஸ்பெஷலைஸ்டு இன்ஃபன்ட்ரி குரூப் என்று ஒன்றை ஆரம்பித்து, சில பட்டாலியன்களைச் சுருக்கி வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2021 மார்ச்சில் பாதுகாப்புத் துறை ஒரு கொள்கை அறிக்கை விட்டது. அதில் ஒரு கையால் ராணுவத்தை 72,500 பேராகக் குறைப்போம் என்றார்கள், மறு கையால் ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் பிரிகேட் என்று ஒன்றைக் கொடுத்தார்கள், நாலு வருஷத்துக்கு 12 கோடி பவுண்டு. அந்த வருஷம் டிசம்பர் 1 அன்று ரேஞ்சர் ரெஜிமென்ட் பிறந்தது, நாலு பட்டாலியன். புதுசு என்று பெயரே தவிர எல்லாம் இருந்த ஆட்கள். ஸ்காட்லாந்து ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், வேல்ஸ் இளவரசி ரெஜிமென்டின் இரண்டாவது, லங்காஸ்டர் பிரபு ரெஜிமென்டின் இரண்டாவது, ரைஃபிள்ஸின் நாலாவது, இந்த நாலையும் விதையாகப் போட்டார்கள். அதாவது காலாட்படையில் நாலு பட்டாலியன் காணாமல் போய், அதே ஆட்களில் பலர் புதுத் தொப்பியில் வந்து நின்றார்கள். ஆட்குறைப்புச் செய்தியை மறைக்க ஒரு பளபளப்பான காகிதம் தேவைப்பட்டது என்று இங்கே சொன்னவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

அதிலும் அந்த ஸ்காட்லாந்து பட்டாலியனின் வேர் 1633-க்குப் போகிறது. உன் மெட்ராஸ் ரெஜிமென்டை நாளைக்கு யாராவது கலைத்து, 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று இனிமேல் கத்தக் கூடாது, வேறு கோஷம் அச்சடித்துத் தருகிறோம் என்றால் நீ என்ன செய்வாய்? மூட்டு வலியோடு வெலிங்டன் கேட்டில் போய் உட்கார்ந்துவிட மாட்டாய்?

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இது எஸ்.ஏ.எஸ். என்கிற ரகசிய அதிரடிப் படை கிடையாது. எஸ்.ஏ.எஸ்., கடற்படைப் பக்கத்து எஸ்.பி.எஸ். எல்லாம் தனி இயக்குநரின் கீழே, அவர்களைப் பற்றி அரசாங்கம் வாயே திறக்காது. ரேஞ்சர் ஆரம்பத்தில் சாதாரண ராணுவத்தின் 6-ஆவது டிவிஷனுக்குக் கீழே வைக்கப்பட்ட பிரிகேடைச் சேர்ந்தது, பெயர், சின்னம், ஆள் கணக்கு எல்லாம் வெளிப்படை. நடுவில் நிற்கிற படை என்று வைத்துக்கொள்.

பெயர் வந்த இடம் உனக்குப் பிடிக்கும். ராபர்ட் ரோஜர்ஸ் என்று ஒருத்தர், வட அமெரிக்கக் காட்டில் பிரெஞ்சுக்காரனோடு பிரிட்டிஷ்காரன் சண்டை போட்ட காலத்தில் தனிப்படை நடத்தியவர். 1757-ல் தன் ஆட்களுக்கு 28 விதி எழுதினார், உன் ரெஜிமென்ட் பிறந்த 1758-க்கு ஒரு வருஷம் முன்னால். தினமும் சாயங்காலம் ஆஜர் கொடுக்கும்போது துப்பாக்கி, 60 குண்டுக்கான மருந்தும் ரவையும், ஒரு சிறு கோடாரி இருக்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, ஒரே குண்டில் இரண்டு பேர் விழாத இடைவெளி விட்டு நடக்க வேண்டும். ஈரத் தரை வந்தால் வரிசையைக் கலைத்துப் பக்கவாட்டில் பரவி நடக்க வேண்டும், தடம் பார்த்துப் பின்னால் வருகிறவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதற்காக. நீயும் இதைத்தானே சொல்லிக்கொடுத்திருப்பாய்? அமெரிக்க ரேஞ்சர்களும் இவரைத்தான் தங்கள் தாத்தா என்கிறார்கள். தாத்தா கடைசியில் கடனாளியாகி 1795-ல் லண்டனில் செத்துப்போனார்.

வேலை நடந்ததா என்றால், ஒரு இடத்தில் நன்றாகவே நடந்தது. 2022 ஜனவரியில் உக்ரைனுக்கு டாங்கியை அடிக்கிற என்லா ஏவுகணைகள் 2,000 அனுப்பியபோது அதைச் சுடச் சொல்லிக்கொடுக்க ரேஞ்சரிலிருந்து சுமார் முப்பது பேர் போனதாகச் செய்தி வந்தது. தோளில் வைத்துச் சுடுகிற சாமான், பன்னிரண்டரை கிலோ, ஒரு தடவை சுட்டால் குழாயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பிப்ரவரி நடுவில் பயிற்சி கொடுத்தவர்கள் ஊர் திரும்பினார்கள், 24-ஆம் தேதி ரஷ்யா உள்ளே வந்தது. அப்புறம் கீவ் பக்கத்து ரோட்டில் டாங்கிகள் எரிந்து கிடந்ததை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். முப்பது பேரே ஜெயித்துக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, சண்டை போட ஏற்கனவே மனசு வைத்திருந்தவனிடம் சாமானும் சொல்லித்தர ஆளும் போய்ச் சேர்ந்தன, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இந்த மெயிலை இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான். மார்ச்சில் இவர்கள் அறிக்கை விட்டார்கள், டிசம்பரில் ரெஜிமென்ட் வந்தது, நடுவில் ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. அங்கே சி.எஃப். 333, ஏ.டி.எஃப். 444 என்று இரண்டு ஆப்கன் பிரிவுகள் இருந்தன. பிரிட்டன் பயிற்சி கொடுத்து, பிரிட்டன் சம்பளம் கொடுத்து வளர்த்தவை, இவர்களோடு கூடவே ராத்திரி ராத்திரியாகப் போனவர்கள். தாலிபான் வந்தபின் அடைக்கலம் கேட்டு மனுப் போட்டவர்களில் நிறையப் பேருக்கு முடியாது என்று பதில் வந்தது. சுமார் 2,000 மனுக்களைத் திரும்பப் பார்க்கிறோம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 2024 பிப்ரவரியில்தான். அதுவரை அவர்கள் எங்கே ஒளிந்திருந்தார்களோ. பன்னிரண்டு பேரை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று இவ்வளவு யோசித்தவர்கள், திரும்பிவரும்போது கூட நின்றவனை என்ன செய்வது என்று அந்த அமைப்பில் ஒரு கட்டம் கூடப் போடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆப்கானிஸ்தானைவிட முதலில் நீதான் ஞாபகம் வந்தாய். இலங்கைக்குப் போன நம் அமைதிப்படையில் நீ இருந்த கடைசி வருஷம், 'தமிழ் தேசிய இராணுவம்' என்று ஒன்றை நம் ஆட்கள் ஆதரவோடு அங்கே கட்டினார்களே, பஸ்ஸிலிருந்தும் தெருவிலிருந்தும் பிடித்துவந்த பையன்களையும் சேர்த்து. 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து நம் கடைசிக் கப்பல் கிளம்புவதற்குள்ளேயே அது சிதறிப்போய்விட்டது. நீ லீவில் வந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன், டீ ஆறுது குடி என்று பேச்சை மாற்றினாய். திரும்ப நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், சொல்ல இஷ்டம் இருந்தால் மட்டும் எழுது. அந்தப் பையன்களை நேரில் பார்த்திருக்கிறாயா? துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவனிடம் அதைக் கொடுக்கும்போது, நம் படை போய்விடும் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரிந்துதானே இருந்தது? ரேஞ்சர்காரர்கள் ஆப்பிரிக்கப் படைகளோடு உட்கார்ந்து டீ குடிக்கிற படத்தை இங்கே பேப்பரில் போடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது, இங்கே யாரிடம் கேட்பது.

உன் தம்பி மகன் ராணுவ அதிகாரி ஆக என்.டி.ஏ. தேர்வு எழுதுகிறான் என்றாயே, எழுதட்டும். பாரா எஸ்.எஃப். கமாண்டோ ஆசை இருப்பதை இப்போதே அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்.

டிசம்பரில் நாங்கள் வருகிறோம், கோவையில் இறங்கி நேரே உன் வீடுதான். சுமதிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில்தான் வர வேண்டுமாம். தேதி முடிவானதும் சொல்கிறேன், டிக்கெட்டை நீ போட்டுவிடு, இங்கிருந்து போட்டால் பணம் கட்டுகிற இடத்தில் கார்டை ஏற்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
சேகர்